அயற்காவலும் ஊரார் திருப்தியும் – ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதர் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டே காவலும் அவர்தம் தேவைகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. நள்ளிரவிற் கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. சம்பளமும் சீருடையும் பெறும் முழுநேரப் பொலிஸ் படையொன்றைச் சேர் றொபேட் பீல் இலண்டனில் நிறுவியது 1829 ஆம் ஆண்டிலேயே ஆகும். அதற்கு முன்னர் பெரும்பாலான சமுதாயங்களில் ஊர் தன்னைத் தானே காத்துக்கொண்டது எனலாம். ஆயின், கடந்த அரை நூற்றாண்டாக அப்பழைய முறையின் பக்கம் உலக நாடுகள் மீண்டும் திரும்பியுள்ளன. அயலவர் சிலர் தாமே முன்வந்து ஊதியமின்றித் தம் தெருவைக் காப்பதும், பொலிஸார் அவர்களோடு இணைந்து செயற்படுவதும் பல நாடுகளிற் கொள்கையாகவே ஏற்கப்பட்டுள்ளன. இலங்கையிற் பொலிஸ் நிலையங்களோடு தொடர்புற்று இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்களும், தமிழ்நாட்டில் 1993 ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் தோன்றிய ‘காவல்துறையின் நண்பர்கள்’ என்னும் அமைப்பும் இவ்வகையின.

இத்தகைய காவலின் பயனை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் ஒரு வினாவையே முதன்மையாகக் கொள்கின்றனர். அங்கு வசிப்போர் இக்காவலிற் திருப்தி அடைந்துள்ளனரா என்பதே அவ்வினா. வினாக்கொத்துகள் வழங்கப்படுகின்றன, விடைகள் கூட்டப்படுகின்றன, பெரும்பான்மையோர் திருப்தி தெரிவிப்பின் திட்டம் வெற்றி பெற்றதாகக் கொள்ளப்படுகிறது. இது நிருவாகத்துக்குப் போதுமான விடையாக இருக்கலாம். ஒழுக்கவியலுக்கு இது போதுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. காக்கப்படுவோரின் திருப்தி காவலின் நியாயத்துக்குச் சான்றாகுமா?

திருப்தியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என ஒருவர் எளிதிற் கூறிவிட முடியாது. அதன் பக்கத்திலும் வலுவான நியாயங்கள் உள. ஐக்கிய அமெரிக்காவிற் கன்சாஸ் நகரப் பொலிஸார் 1972 – 1973 காலப்பகுதியில் ஒரு பரிசோதனையை நடத்தினர். பதினைந்து ரோந்துப் பிரிவுகள் மூன்று கூறாக்கப்பட்டன. ஒரு கூறில் வழமையான வாகன ரோந்து நீக்கப்பட்டது. இன்னொன்றில் இரு மடங்கு, மும்மடங்கு அளவில் அதிகரிக்கப்பட்டது. மூன்றாவதில் முன்பிருந்தவாறே விடப்பட்டது. முடிவிற் குற்றங்களின் தொகையிலோ மக்களின் அச்சத்திலோ திருப்தியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாகனத்திற் கடந்து செல்லும் காவலை மக்கள் கவனிக்கவே இல்லை எனலாம். பின்னர் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரிற் பொலிஸார் நடந்து சென்று ரோந்து செய்யும் முறை ஆராயப்பட்டு, 1981 இல் அறிக்கை வெளியிடப்பட்டது. அங்கும் குற்றங்கள் குறையவில்லை. ஆனால், மக்களின் அச்சம் குறைந்தது; தம் பகுதியிற் குற்றம் குறைந்துவிட்டதாகவே அவர்கள் கருதினர்; பொலிஸார்பற்றிய அவர்களின் திருப்தியும் உயர்ந்தது.

நியூவார்க் மக்கள் ஏமாந்தனர் என்று கூறுவோர் உளர். குற்றம் குறையாதபோது அச்சம் குறைவது மயக்கமே என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் முழுமையானதன்று. அச்சம் குற்றத்தின் நிழல் மட்டுமன்று. அது தானே ஒரு துன்பம். ஹொப்ஸ் 1651 இல் வெளியிட்ட ‘லெவியதன்’ என்னும் நூலில், ஓயாத அச்சம் நிலவுமிடத்தில் உழைப்பும் கல்வியும் கலையும் வளரமாட்டா என நிறுவினார். மாலையானதும் கதவைத் தாழிட்டு உள்ளே முடங்கும் முதியவள் ஒருத்தி, தெரு முனையிற் தெரிந்த முகம் ஒன்று நிற்கிறது என்ற துணிவில் அயல்வீடு வரை நடந்து செல்வாளாயின், அவளுடைய வாழ்வில் உண்மையான நன்மையொன்று நிகழ்ந்துள்ளது. அந்நன்மையைப் புள்ளிவிவரம் ஒன்றைக் காட்டி மறுத்தல் முறையாகாது.

ஆயின், அதே நியூவார்க் அனுபவம் வேறொன்றையும் உணர்த்துகிறது. ஜேம்ஸ் வில்சன், ஜோர்ஜ் கெலிங் ஆகிய இருவரும் 1982 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் நியூவார்க் ரோந்து உத்தியோகத்தர் ஒருவரின் செயல்முறையை விவரித்துள்ளனர். அவர் தெருவில் நிற்போரை வழக்கமாகக் காணப்படுவோர், அந்நியர் என இரு வகையாகப் பிரித்தறிந்தார். வழக்கமானோர் எழுதப்படாத சில விதிகளுக்கு அமைந்து நடந்தால் அவர்களுக்கு இடையூறு இல்லை. அந்நியர் தாம் அங்கு நிற்பதற்குக் காரணம் கூற வேண்டும்; கூறிய காரணம் போதாதாயின் அகற்றப்படுவர். அவ்வுத்தியோகத்தர் செய்தவற்றுட் சில சட்டத்தின் முன் நிலைநிற்கமாட்டா என்பதைக் கட்டுரையாசிரியர்களே ஒப்புக்கொண்டனர். அயலவரின் தப்பெண்ணங்களுக்குப் பொலிஸார் கருவியாகாமற் தடுப்பது எவ்வாறு என்ற வினாவை எழுப்பி, அதற்கு முழுநிறைவான விடை தம்மிடம் இல்லை என்றும் அவர்கள் கூறினர். தெருவில் வசிப்போர் திருப்தியுற்றமைக்கும் அந்நியர் அகற்றப்பட்டமைக்கும் தொடர்பு உண்டு என்பது இதனாற் புலனாகின்றது. அகற்றப்பட்டவரிடம் வினாக்கொத்து வழங்கப்பட மாட்டாது.

எனவே, திருப்தி என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று வினாக்கள் மறைந்து கிடக்கின்றன. திருப்தியுற்றவர் யாவர்? அவர்கள் தம் மனத்திலுள்ளதைக் கூறும் நிலையில் உள்ளனரா? அவர்களின் திருப்திக்கு விலை கொடுத்தவர் யாவர்?

முதலாவது வினாவை நோக்குமிடத்து, ‘ஊர்’ என்ற சொல்லே ஆராய்ச்சிக்குரியதாகின்றது. ஊரில் வசிப்போர் அனைவரும் ஊரவராகக் கணிக்கப்படுவதில்லை. 1968 இல் யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னே ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி நின்றபோது, பழைய வழக்கத்தைக் காப்பதே ஊரின் அமைதியைக் காப்பது எனக் கருதியோர் பலர். கதவு மூடியிருந்த காலமெல்லாம் அவர்கள் கண்ட அமைதி, வெளியே நின்றோருக்கு அமைதியாக இருக்கவில்லை. அமைதி குலைந்தது என்று ஒரு சாரார் கூறிய நாளே, மறுசாரார் தம் குரல் கேட்கப்படும் என்று நம்பத் தொடங்கிய நாளாகும். ஓர் ஊரின் திருப்தியை அளப்பவர் எந்த வீடுகளின் கதவைத் தட்டினார், எந்த ஒழுங்கைக்குள் அவர் செல்லவேயில்லை என்பதை அறியாதவரை அவ்வளவையினாற் பயனில்லை.

இரண்டாவது வினா தொண்டர் காவலுக்கே சிறப்பாக உரியது. சம்பளம் பெறும் பொலிஸ் உத்தியோகத்தரைக் குறைகூறுதல் குடிமகனின் உரிமை என எவரும் ஏற்பர். ஊதியமின்றி இரவுத் துயில் நீத்துத் தெருவைக் காப்பவனோ அயல்வீட்டுப் பிள்ளை. அவன்பால் ஊராருக்கு நன்றிக்கடன் உண்டு. நன்றி உயர்ந்த பண்பே. எனினும், நன்றிக்கடன் பட்டவன் குறை கூறக் கூசுவான். அன்றியும், இரவிற் காவல் புரிபவன் பகலிற் சந்தையிலும் கோயிலிலும் எதிர்ப்படுபவன். அவன் தந்தையோடு வேலித் தகராறு நேரலாம், அவன் சகோதரிக்குச் சம்பந்தம் பேசவேண்டி வரலாம். இத்தகைய உறவுகளுக்கு நடுவில் வாழ்பவர் தமக்குத் திருப்தியில்லை என்று எழுத்திற் கொடுப்பரா? ஜோன் ஸ்ருவேட் மில் 1859 இல் எழுதிய ‘சுதந்திரம்பற்றி’ என்னும் நூலில், சட்டத்தின் கொடுமையினும் சமுதாயத்தின் கொடுமை வாழ்வின் நுணுக்கங்களுக்குள் ஆழமாக ஊடுருவுவது என எச்சரித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அமர்த்தியா சென் பொருளியல் நோக்கிற் கூறிய கருத்தும் இதனோடு ஒத்துவருகிறது. நெடுங்காலம் இல்லாமையிற் பழகியவர் சிறிதளவிலேயே நிறைவு கொள்வர் என்றும், ஆகவே மனநிறைவைக் கொண்டு நல்வாழ்வை அளத்தல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்றும் அவர் வாதிட்டார். காவலே இல்லாதிருந்த இடத்தில் எந்தக் காவலும் நல்ல காவலாகவே தோன்றும்.

மூன்றாவது வினாவே ஒழுக்கவியலின் நடுவிலுள்ளது. தன் வழக்கிற் தானே நீதிபதியாக இருப்பதன் தீங்கை விளக்கியவர் ஜோன் லொக். அரசு தோன்றுமுன் ஒவ்வொருவனும் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தானே தண்டிக்கும் அதிகாரம் உடையவனாக இருந்தான் எனவும், தன்மீதும் தன்னைச் சேர்ந்தோர்மீதும் கொண்ட பற்றினால் அவன் நடுநிலை தவறுவான் எனவும், அதனாலேயே அவ்வதிகாரம் பொதுவான நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டது எனவும் அவர் கருதினார். அயற்காவலில் அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தின் ஒரு பகுதி மீண்டும் ஊராரின் கைக்கு வருகின்றது. அதனோடு லொக் அஞ்சிய பக்கச்சார்பும் மீண்டு வருகின்றது. ஊரவனின் சொல்லுக்கும் வழிப்போக்கனின் சொல்லுக்கும் இடையே ஊரவனே தீர்ப்புக் கூறுகின்றான்.

இதன் விளைவைத் தமிழர் அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்திற் கோவலன் மதுரைக்கு அந்நியன். சிலம்பு விற்க வந்தவன். அரசன் தீர ஆராயாது கட்டளையிட்டான் என்பதே பொதுவாகப் பேசப்படுவது. கொலைக்களக் காதையிற் காவலர் நடந்துகொண்ட முறை அத்துணை பேசப்படுவதில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், அவன் கொலைக்குரியவன் அல்லன் என முதலில் தயங்கினர். பொற்கொல்லனோ கள்வர் கையாளும் உபாயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறினான். காவலருள் ஒருவன் முன்னொருநாள் தான் கண்ட கள்வனொருவனின் கதையைச் சொன்னான். அதன்பின் கல்வியறிவற்ற குடிவெறியன் ஒருவன் வாளை வீசினான். கோவலன் செய்தது யாது என எவரும் கேட்கவில்லை. கள்வர் பொதுவாக என்ன செய்வர் என்பதே பேசப்பட்டது. நல்ல நோக்கமுடைய காவலரும் அங்கிருந்தனர். அவர்களுடைய தயக்கம் ஓர் உயிரைக் காக்கப் போதவில்லை. கண்ணகி நீதி கேட்டு வரும்வரை அந்நகரின் காவலிற் குறையிருப்பதாக எவரும் அறிந்திலர்.

காப்பியத்தில் ஓருயிருக்கு நேர்ந்தது வரலாற்றில் ஆயிரக்கணக்கானோருக்கு நேர்ந்துள்ளது. 1923 செப்ரெம்பர் 1 ஆம் திகதி யப்பானின் கன்ரோ பிரதேசத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர், தீ வைக்கின்றனர் என வதந்தி பரவிற்று. அயலவர் தத்தம் பகுதிகளிற் தற்காவற் குழுக்களை அமைத்தனர். வழியிற் செல்வோரை மறித்துச் சில யப்பானியச் சொற்களை உச்சரிக்கச் செய்தனர். கொரியருக்கு அவ்வொலிகள் கடினமானவை. ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர். சீனரும், வேற்றுப் பிரதேச வழக்குப் பேசிய யப்பானியருங்கூட உயிரிழந்தனர். இக்குழுக்களில் இருந்தோர் பெரும்பாலும் கடைக்காரரும் தொழிலாளரும் குடும்பத்தலைவருமாகிய சாதாரண மக்களே. தம் வீட்டாரைக் காப்பதாகவே அவர்கள் நம்பினர். 1983 யூலையிற் கொழும்பு வீதிகளில் வன்முறைக் கும்பல்கள் வழிமறித்தோரைச் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து இனங்கண்டமையை அறிந்த இலங்கை வாசகருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

இவை பேரனர்த்தக் காலத்து விபரீதங்கள், அன்றாட அயற்காவலை இவற்றோடு ஒப்பிடல் தகாது என மறுப்போர் இருக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. தெரு விளக்கைத் திருத்துமாறு பிரதேச சபைக்கு எழுதுவதும், தனித்து வாழும் முதியோரை விசாரிப்பதும், பாடசாலை விடும் நேரத்தில் வீதியில் நிற்பதுமே பெரும்பாலான தொண்டர்களின் பணியாகும். ஆயினும், அளவில் வேறுபட்டாலும் இரண்டிலும் உள்ள அடிப்படை ஒன்றே. அறியாத முகம் ஐயத்துக்குரியது என்பதே அவ்வடிப்படை. அமைதிக் காலத்தில் அது ஒருவனைத் தடுத்து நிறுத்தி வினவுவதோடு முடிகின்றது. அச்சம் மிகுந்த காலத்தில் எங்கே முடியும் என்பதை அன்றைய வதந்தியே தீர்மானிக்கின்றது.

அரச காவல் இருக்க அயற்காவல் எதற்கு என்று கேட்பதும் பொருந்தாது. 2011 ஒகஸ்ட் மாதத்தில் இலங்கையின் பல பகுதிகளிற் ‘கிறீஸ் மனிதர்’ பற்றிய பேரச்சம் நிலவியது. பெண்களைத் தாக்கும் மர்ம மனிதர் இரவில் நடமாடுவதாகப் பேசப்பட்டது. ஊரவர் இரவுக் காவலில் இறங்கினர். பிடிபட்டோரைப் பொலிஸாரும் படையினரும் காப்பாற்றுகின்றனர் என்ற ஐயம் பல இடங்களில் எழுந்தது. புத்தளத்தில் நிகழ்ந்த மோதலிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தின் நாவாந்துறையில் இரவோடிரவாக ஏறத்தாழ நூறு பேர் கைது செய்யப்பட்டனர். தாம் கடுமையாகத் தாக்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். அரசின் காவலை நம்ப இயலாதபோது மக்கள் தமக்குத் தாமே காவலாவர் என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டின. யாருக்கும் விடைகூறக் கடமைப்படாத இரு காவல்கள் எதிரெதிர் நின்றபோது எவருக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை என்பதையும் அவை காட்டின. ஆகவே, தீர்வு அயற்காவலை ஒழிப்பதன்று. அது யாருக்கு, எவ்வாறு விடைகூறும் என்பதை வரையறுப்பதே தீர்வாகும்.

இவ்வரையறை இல்லாவிடின் நேர்வதற்குத் தமிழ்நாட்டு அனுபவம் எடுத்துக்காட்டாகும். 2020 யூனிற் சாத்தான்குளத்திற் தந்தையும் மகனும் பொலிஸ் காவலிற் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, ‘காவல்துறையின் நண்பர்கள்’ அமைப்பைச் சேர்ந்தோர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதனை மறுத்தது. எனினும், அடுத்த மாதமே மாநில அரசு அவ்வமைப்பின் செயற்பாட்டைத் தடைசெய்தது. குற்றச்சாட்டின் உண்மை எதுவாயினும் ஒன்று வெளிப்படை. பொலிஸ் நிலையத்துள் நிற்கும் தொண்டன் பொலிஸாரின் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பெறுகின்றான். பொலிஸாருக்கு உரிய ஒழுக்காற்று விதிகள் அவனைக் கட்டுப்படுத்துவதில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய அமைப்பொன்றின்மீதிருந்த நம்பிக்கை சில நாட்களிற் குலைந்தமைக்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம் எனலாம்.

அவ்விடைவெளியை நிரப்பும் கருத்தைச் சிலப்பதிகாரமே தன்னுள் வைத்துள்ளது. கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் பாண்டியர் பெருமைகளுட் பொற்கைப் பாண்டியன் வரலாறும் ஒன்று. சிற்சில வேறுபாடுகளோடு வழங்கிவரும் அக்கதையின்படி, இரவுக் காவல் சென்ற மன்னன் கீரந்தை என்பானின் வீட்டுக் கதவைத் தட்டினான்; அதனால் அவ்வீட்டுப் பெண்மீது கணவனுக்கு ஐயம் எழலாகாது என்று அத்தெருவின் கதவுகள் அனைத்தையும் தட்டிச் சென்றான்; மறுநாள் முறையீடு வந்தபோது, தட்டிய கையைத் தானே துணித்துக்கொண்டான். தண்டனையின் கொடுமையை இக்காலத்தார் ஏற்கார். ஆனால் மூன்று செய்திகள் கவனத்துக்குரியன. காவலின் நோக்கம் நல்லதாயினும் அதனால் ஒருவருக்குத் தீங்கு நேரலாம் என்பதை மன்னன் உணர்ந்தான். அந்தத் தெருவார் அரசனின் அவைக்கே சென்று அச்சமின்றி முறையிட முடிந்தது. கதவைத் தட்டிய கை யாருடையது என்பது மறைக்கப்படவில்லை. கோவலன் கதையில் இம்மூன்றும் இல்லை. இரு கதைகளும் ஒரே நகரில் நிகழ்ந்தனவாகவே காப்பியம் கூறுகிறது.

ஊதியமின்றி அமைதி காக்கும் பணி முறையாக அமைய முடியும் என்பதற்கு இலங்கையின் மத்தியஸ்த சபைகள் ஓரளவு சான்றாகின்றன. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இச்சபைகளிற் பணிபுரிவோர் தொண்டர்களே. பிணக்குற்ற இரு திறத்தாரும் மத்தியஸ்தரைத் தெரிவு செய்வதிற் பங்கு கொள்கின்றனர். இருவரும் இணங்கினாலன்றித் தீர்வு தீர்வாகாது. வறியவரும் பெண்களும் ஊரின் நெருக்குதலுக்குப் பணிந்து இணங்க நேரலாம் என்ற குறை இங்கும் உண்டு. அது சிறிய குறையன்று. ஆயினும், அடிப்படையில் ஒரு வேறுபாடு உளது. மத்தியஸ்த சபையில் எதிர்த்தரப்பின் இணக்கம் முறையின் உள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. அயற்காவலில் எதிர்த்தரப்பு என ஒன்று இருப்பதாகவே கருதப்படுவதில்லை. காப்போரும் காக்கப்படுவோரும் மட்டுமே எண்ணிக்கையில் அடங்குகின்றனர். தடுத்து நிறுத்தப்பட்டவன் இருவருள்ளும் சேர்வதில்லை.

ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிபற்றிய நூலில் முன்வைத்த சிந்தனைப் பரிசோதனை இவ்விடத்திற் துணைபுரியும். சமுதாயத்திற் தமக்குரிய இடம் எது என அறியாத நிலையில் மனிதர் விதிகளை வகுப்பரேல், அவ்விதிகள் நீதியாக அமையும் என்பது அவர் கருத்து. அயற்காவலுக்கு விதி வகுப்போர், தாம் மாடிவீட்டின் உரிமையாளரா, பின்னொழுங்கைக் குடிசையில் வாழ்பவரா, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்துவரும் வேற்றூர்க் கூலியாளா என்பதை அறியாதிருப்பின் எவ்விதிகளை வகுப்பர்? காவலே வேண்டாம் என எவரும் கூறார். அக்கூலியாளுக்கும் காவல் தேவை. ஆனால், காவல் புரிவோர் அடையாளம் காணப்படக்கூடியவராக இருத்தல் வேண்டும் என்பர். ஆயுதமேந்துவதும் தண்டிப்பதும் அவர்களுக்கு உரியனவல்ல என்பர். செயலைக் கொண்டன்றி முகத்தையும் மொழியையும் கொண்டு ஐயுறலாகாது என்பர். தடுக்கப்பட்டவன் அவ்வூருக்கு வெளியேயுள்ள நடுவர் ஒருவரிடம் அச்சமின்றி முறையிட வழி வேண்டும் என்பர்.

இவை நிறைவேறிய இடத்து ஊராரின் திருப்தி மதிப்புடையதாகின்றது. அது நியாயத்தை உண்டாக்குவதில்லை. நியாயம் உள்ள இடத்தில் அதன் பயன்களுள் ஒன்றாக விளைகின்றது. இவை நிறைவேறாத இடத்தில் நூற்றுக்கு நூறு பேர் திருப்தி தெரிவித்தாலும், அத்தொகையாற் பெறப்படுவது அவ்வூரில் வசிப்போர் நன்றாக உறங்குகின்றனர் என்பது மட்டுமே. ஆகவே, அயற்காவலை மதிப்பிட முனைவோர் வீடுகளிற் கேட்கும் வினாவோடு நின்றுவிடலாகாது. கடந்த ஆண்டில் அத்தெருவிற் தடுத்து நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர், ஏன் நிறுத்தப்பட்டனர், அவர்களுள் முறையிட்டோர் எவர், முறையீட்டுக்கு என்ன விடை கிடைத்தது என்பவற்றையும் அவர்கள் தேடிச் சென்று வினவுதல் வேண்டும். அவ்விடைகளும் பதிவுசெய்யப்பட்ட பின்னரே ஓர் ஊரின் காவல் நல்லது எனக் கூறுவதற்கு எவருக்கும் தகுதி உண்டாகும்.